எட்டாம் பக்கத்துப் பாட்டு

இன்று காலை பள்ளிக்கூடக் கந்தோரில் தொலைபேசியைத் தூக்கினேன். "இலக்கம் சொல்லுங்கோ" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். நல்ல குரல்தான். தெளிவும் மரியாதையும் இருந்தன. ஆனால் நீ அந்த இரண்டு சொற்களையும் சொல்லும்போது முடிவில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். இலக்கத்தைக் கேட்கிறாயா, பாட்டைத் தொடங்கப் போகிறாயா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். எந்த இலக்கம் கேட்க வந்தேன் என்பதை மறந்து, "மன்னிக்க வேணும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இருபது வருடமாக இந்த ஊரில் தொலைபேசி வைத்திருந்த எல்லாருக்கும் உன் குரல் தெரியும். அரசாங்க அலுவலகமான கச்சேரியில், துறைமுகத்தில், ஆஸ்பத்திரியில், அரிசி மொத்தக் கடைகளில் எல்லாம் தெரியும். டச்சுக்குடாக் கடற்கரையில் கித்தாரோடு நின்று பாடியதும் அதே குரல்தான் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் தெரியாததுபோல் இருந்தார்கள். நீ அதைச் சொல்லிச் சிரிப்பாய்: "பகல்ல என்னட்ட இலக்கம் கேட்கிற ஆக்கள்தான் அக்கா பின்னேரம் கூவுறதும்."

இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். அது உனக்குத் தெரியும். என்றாலும் உன்னோடு பேசாமல் உன்னைப்பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஒருமுறை அப்படி எழுதிப் பார்த்துவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நான் பேராதனையில் தமிழ் படித்து முடித்து, பட்டமும் கொஞ்சம் தலைக்கனமுமாக ஊருக்குத் திரும்பியிருந்தேன். நீ பாலையூற்றில் இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை. உங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, கப்பலில் இடமில்லையென்று ஒரு கித்தாரை உன் கையில் தந்துவிட்டுப் போனது. அதற்கு ஐந்து கம்பிதான் இருந்தன. ஆறாவது கம்பி ஒன்று உண்டு என்றே உனக்குப் பல மாதம் தெரியாது. "மூண்டு பிடி தெரிஞ்சாப் போதும் அக்கா, உலகம் முழுக்கப் பாடலாம்" என்றாய். நான் நம்பவில்லை. உலகம் முழுக்கப் பாடுவதற்குக் குறைந்தது நன்னூலாவது தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த நாளில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உனக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. அழைப்புகளைக் குறிக்கும் துண்டுக் கடதாசிகளின் பின்பக்கம் பாட்டுக் கட்டத் தொடங்கினாய். மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகின் இயந்திரம் தட்டுகிற தட்டை எடுத்து அதில் சொல்லை ஏற்றினாய். பாண் தட்டுப்பாட்டில் சனம் வரிசையில் நின்ற காலத்தில் பாண் வரிசைக்கு ஒரு பாட்டு வந்தது. கோட்டைக்குள்ளிருந்து வந்து கச்சேரி வாசலில் படுத்துக்கிடக்கும் மான்களுக்கு ஒரு பாட்டு, அரசாங்க உத்தியோகத்தர் அவை மட்டும்தான் என்று. மேல்நாட்டு ரொக் பாட்டின் உதறலும் வேகமும் அதில் இருந்தன. சொல்லெல்லாம் நம் ஊர்க் கதை. ஊரார் அதைப் பொப் என்றார்கள், துள்ளல் என்றார்கள். நீ ரொக் என்றாய். பாடி முடித்த பாட்டின் துண்டைக் கிழித்துப் போட்டுவிடுவாய். நான் திட்டினால், "மனசில நிக்காத பாட்டை எழுதி வைச்சு என்ன செய்யிறது?" என்பாய்.

உன் முதல் மேடை டச்சுக்குடாக் கடற்கரையில் நடந்த ஒரு கார்னிவல். நீயும் உன் அண்ணனும் ஊர்ப் பெடியள் சிலரும் சேர்ந்த குழுவுக்குப் பெயர் வைக்க மூன்று மாதம் சண்டை பிடித்து, கடைசிவரை பெயர் வைக்காமலே மேடையேறினீர்கள். உன் அண்ணன் பொங்கோஸ் என்ற இரட்டை மேளத்தை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார். ஒலிபெருக்கிக்காரர் கோயில் திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவருடைய பெட்டியில் முதல் ஒலிக்கிறது பிள்ளையார் பாட்டாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி தரமாட்டேன் என்று நின்றார். நீ தலையாட்டினாய். பிள்ளையார் பாட்டு முடிய, அந்தக் கடைசிச் சுரம் கரைவதற்கு முன்னால், அதே சுரத்தில் உன் கித்தார் பாய்ந்து வந்தது. ஒலிபெருக்கிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "பிள்ளை! அதைக் கீழ வைச்சிட்டு ஒரு தேவாரம் படி!"

நீ பாட்டை நிறுத்தாமல் ஒலிவாங்கியில் சொன்னாய்: "தேவாரம் வேணுமெண்டா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்கோ அண்ணை. அங்கயும் நான்தான் படிக்கிறனான். உங்களைத்தான் காணேல்லை!"

கடற்கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது முன்வரிசையிலிருந்த, என்னிடம் படிக்கிற ஒரு மாணவியின் தாய் திரும்பி, என்னைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான். மூன்றாவது பாட்டுத் தொடங்குமுன் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உன் எந்த மேடைக்கும் நான் வரவில்லை. ஒருமுறை சோதனைத் தாள் திருத்த இருந்தது, ஒருமுறை தலையிடி, ஒருமுறை மழை வரும்போல இருந்தது. நீ ஒரு காரணத்தையும் விசாரிக்கவில்லை. "உங்களுக்கு நேரமில்லை, எனக்குத் தெரியும்தானே" என்றாய். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கித்தாரை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் என் வீட்டுக்கு வரத் தொடங்கினாய். மேடைக்கு வராத ஒருத்திக்காக வீட்டுக்கு வந்த மேடை.

அந்தப் பின்னேரங்கள் எத்தனை என்று எனக்கு இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒரே நீளமான பின்னேரமாகத்தான் இருக்கிறது. சாளரத்தின் வழியே உட்துறைமுகம் தெரியும். வெயிலில் நீரும் வானமும் சேருகிற கோடு அழிந்துபோய், நங்கூரமிட்ட கப்பல்கள் காற்றில் நிற்பதுபோல இருக்கும். நான் கதிரையில் இருந்து கொப்பிகளைத் திருத்துவேன். நீ நிலத்தில் காலை மடித்து, அலுமாரியில் முதுகைச் சாய்த்துப் பாடுவாய். சில வேளை பாட்டு உன் வாயிலிருந்து வரவில்லை, அந்த வெளிச்சத்திலிருந்து வருகிறது என்று தோன்றும். படலையடியில் ஒரு மான் வந்து நிற்கும், காது மட்டும் அசையும். நீ பாட்டை நிறுத்தினால் அது ஏதோ நினைவு வந்ததுபோல நடந்து போகும். நான் ஒரே வாக்கியத்தை மூன்று முறை வாசித்துவிட்டு, திருத்தாமலே சரி போட்ட கொப்பிகள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

பாட்டு முடிந்ததும், "எப்பிடி?" என்று கேட்பாய்.

"சத்தம் கூட" என்பேன்.

"அது ரொக் அக்கா. சத்தம் கூடத்தான் இருக்கும்." பிறகு தேத்தண்ணீர் குடிப்போம்.

உன் அண்ணன் கலியாணம் கட்டி, அரசாங்க வேலை கிடைத்து, பொங்கோஸை விட்டார். பெடியள் ஒவ்வொருவராக வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். இசைத்தட்டுப் போடும் கதை பலமுறை எழுந்து பலமுறை அடங்கியது. நீ தொலைபேசி நிலையத்திலும் என் வீட்டு நிலத்திலுமாகத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாய். போன மாதம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். மூன்றாம் நாள் இல்லை. நாற்பத்துமூன்று வயது. உன் குரல் எந்த நாடாவிலும் இல்லை, உன் பாட்டு எந்தத் தாளிலும் இல்லை என்பது உன்னை எரித்துவிட்டு வந்த அன்று பின்னேரம்தான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டாம் நாள் உன் அண்ணன் வந்தார். உனக்குக் கல்வெட்டு எழுத வேண்டும் என்றார். இந்த ஊரில் இறந்தவர்களுக்காக முப்பத்தோராம் நாள் அச்சடித்து, சபையில் வாசித்து, வந்தவர் கையில் கொடுக்கிற அந்தச் சிறிய செய்யுட் புத்தகங்களில் எத்தனையை நான் எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். "உங்கட கல்வெட்டில செத்தாத்தான் அக்கா ஆக்கள் நல்லவராகினம்" என்று நீ என்னைக் கேலி செய்வாய். என் வெண்பாக்களில் எல்லாப் பெண்களும் பொறுமைசாலிகள், எல்லா ஆண்களும் கொடையாளிகள். நான் நம்பாதவற்றைத் தளை தட்டாமல் எழுதப் பழகியவள்.

"நீங்க எழுதினா அவவுக்குப் பெருமை டீச்சர்," என்றார் உன் அண்ணன். "ஆனா ஒண்டு. மேடை, குழு, கித்தார், அதுகள் வேண்டாம்."

"ஏன்?"

"மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசுப்படுகுது. மாப்பிள்ளை பகுதி கொஞ்சம் பழைய ஆக்கள். அண்டைக்கு அவையும் வருவினம்."

"ஊர் முழுக்கத் தெரிஞ்ச விசயம். அவைக்கு மட்டும் தெரியாதா?"

"தெரியிறது வேற டீச்சர். அச்சடிச்சுக் கையில குடுக்கிறது வேற."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். தலையில் நரை, சட்டைப்பையில் பேனை. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாளம் தட்டியவர். நான் வாதாடியிருக்கலாம். வாதாட எனக்கு என்ன உரிமை? அவராவது ஆறு வருடம் மேடையில் உன் பக்கத்தில் இருந்தார். நான் மூன்றாவது பாட்டுக்கு முன் எழுந்து வந்தவள். "சரி" என்றேன்.

எழுதினேன். உன் குலம், ஊர், தாய் தந்தையர், தொலைபேசி நிலையத்துச் சேவை, அன்பு, அடக்கம். அடக்கம் என்ற சொல்லை எழுதும்போது நீ எங்கிருந்தோ சிரிப்பதுபோல இருந்தது. அது வெறும் பழக்கதோஷம். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். பிழையில்லாத செய்யுள்கள். அவற்றுக்குள் நீ மட்டும் இல்லை.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர் கிண்ணியாவிலிருந்து தினமும் வந்துபோகிற வயதான மனிதர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிறபடி எல்லாருக்கும் அவர் 'நானா'தான். கையெழுத்துப் பிரதியைக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு வாசித்தார்.

"டீச்சர், இது அந்தப் பாட்டுப் பாடுற புள்ளைட கல்வெட்டுத்தானே?"

"ஓம் நானா."

"பாட்டப் பத்தி ஒண்டையும் காணல்லையே."

 அவர் தாளை மடித்துக் காட்டினார். "எட்டுப் பக்கமா மடிச்சாத்தான் தாள் சரி வரும். ஒங்கட செய்யுள் ஏழுல முடியுது. கடைசிப் பக்கம் வெறுமையாக் கெடக்கு. என்ன போடுவம்? நன்றி போடவா?"

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். ஒருநாள் பின்னேரம் கிண்ணியாத் துறையில் பாதைப் படகு நடு ஆற்றில் நின்றுவிட்டதாம். லொறியும் சனமும் நிறைந்த மிதவை, இழுக்கிற கம்பி இறுகிப்போய்விட்டது. பெண்கள் குழறத் தொடங்கினார்கள். அப்போது யாரோ ஒரு பிள்ளை முதுகிலிருந்த கித்தாரை இறக்கிப் பாடியதாம். "ரெண்டு மணித்தியாலம் டீச்சர். கம்பி சரியாகிப் பாதை கரைக்கு வந்தும் சனம் எறங்கல்ல. என்ன பாட்டெண்டு நெனவில்ல. கப்பல் எண்டு ஒரு சொல் வந்திச்சி."

கப்பல் என்றதும் எனக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்துவிட்டது. "எழுத்தை எடுங்கோ நானா, சொல்லுறன்" என்றேன். உன் அண்ணனிடம் சொன்ன 'சரி' நினைவிருந்தது. நீ பாடினாய் என்று நான் எங்கும் எழுதவில்லையே, ஒரு பாட்டை மட்டும் தலைப்பில்லாமல் போடுகிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்.

ஆனால் சொல் வரவில்லை. முதல் வரி வந்தது, இரண்டாவதில் நின்றுவிட்டது. எத்தனையோ நூறு செய்யுளை ஒப்புவிக்கிற எனக்கு உன் நாலு வரி வாயில் வரவில்லை. மெட்டோடு வந்தது மெட்டோடுதான் வெளியே வரும்போல இருந்தது. நானா ஒரு கையில் கோக்கும் சட்டத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் மிதி இயந்திரத்தில் ஒருவர் கலியாணக் காட் அடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. பாடினேன்.

எனக்குக் குரல் இல்லை, அதை நீயே எத்தனையோ முறை உறுதிசெய்திருக்கிறாய். சுவரைப் பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, வரி வரியாகப் பாடினேன். மிதி இயந்திரம் நின்றது. நானா தலையை நிமிர்த்தவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அவர் விரல் எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தது.

கப்பல் போயிட்டுது, அலை மட்டும் நிக்குது
கரையில நானும் நிக்கிறன்
கையைக் காட்டினது அண்ணனுக்கு
கடலே நீதான் சாட்சி

"இன்னொருக்கா" என்றார் நானா. "மூணாவது வரி."

இன்னொருமுறை பாடினேன்.

முப்பத்தோராம் நாள் காலை புத்தகக் கட்டோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன் கடற்கரையில் கிரியை முடித்து, ஈர வேட்டியோடு அப்போதுதான் வந்திருந்தார். குசினியில் சமையல் நடந்தது. சொந்தக்காரர் வரத் தொடங்கவில்லை. கட்டை விறாந்தையில் வைத்து, ஒன்றை உருவி, முதல் பக்கத்தில் உன் படத்தைப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றேன்.

"ஆர் இதைப் போடச் சொன்னது?"

"நான்தான். என்ர பொறுப்பு."

மீண்டும் வாசித்தார். உதடு அசைந்தது. "இது பிழை டீச்சர்."

"உங்களிட்ட கேட்டிருக்க வேணும். மன்னிச்சுக்..."

"போட்டது பிழையெண்டு சொல்லேல்லை. பாட்டுப் பிழை. மூண்டாவதும் நாலாவதும். அவ ஒருநாளும் இப்பிடிப் பாடேல்லை."

"எனக்கு முன்னால எப்பவும் இப்படித்தான் பாடினவ."

"உங்களுக்கு முன்னால பாடியிருப்பா." அவர் குந்தி உட்கார்ந்தார். புத்தகக் கட்டின்மேல் அவருடைய இரண்டு கை விரல்களும் தாமாகத் தட்டத் தொடங்கின. பாட்டென்றும் சொல்ல முடியாத, பேச்சென்றும் சொல்ல முடியாத ஒன்றாக அது வந்தது:

கையைக் காட்டினது ஆருக்கெண்டு
கடலுக்கும் சொல்ல மாட்டன்

"இப்பிடி," என்றார். "இந்த இடத்திலதான் சனம் எழும்பி நிக்கும்."

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவு வந்தது. நீ அந்தப் பாட்டைப் புதிதாகக் கட்டி வந்து பாடினாய். நான் கொப்பியிலிருந்து தலையை எடுத்து, "ஆருக்கெண்டு சனம் கேட்கும். துறைமுகத்து ஊர். உனக்குத்தான் கெட்ட பெயர். அண்ணனுக்கெண்டு போடு" என்றேன். உன் நன்மைக்கென்றுதான் சொன்னேன். நீ என்னைச் சற்று நேரம் பார்த்தாய். பிறகு என் வரியைப் போட்டு ஒருமுறை பாடினாய். "வடிவா இருக்கு அக்கா" என்றாய். அன்றிலிருந்து என் வீட்டில் அதை அப்படியே பாடி வந்தாய். நீ மாற்றிவிட்டாய் என்று நான் நம்பினேன். சனம் இருந்த இடத்துக்கு நான் வராதபடியால், சனம் கேட்ட பாட்டை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

உன் அண்ணனிடம் மெல்லச் சொன்னேன். "அப்பிடியே விடுங்கோ. அண்ணனெண்டு இருந்தா உங்களுக்கும் நல்லதுதானே. அவையும் வருகினம்."

அவர் சிரித்தார். நீ இறந்தபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "நான் குழுவை விட்ட அண்டையிலிருந்து ஒரு மாசம் என்னோட கதைக்கேல்லை டீச்சர் அவ. சோத்துக் கோப்பையைக்கூட நிலத்திலதான் வைச்சவ. எனக்கே கை காட்டினவ? ஆரும் நம்பாயினம்." பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, "பேனை இருக்கே?" என்று கேட்டார்.

இருநூறு புத்தகம். விறாந்தையில் எதிரெதிரே இருந்து, அவர் என் இரண்டு வரியையும் வெட்ட, நான் உன் இரண்டு வரியை மேலே எழுதினேன். பிறகு அவர் எழுத, நான் வெட்டினேன். என் வரியை நானே நூறு முறை வெட்டியது நல்ல தண்டனை. சொந்தக்காரர் வந்து, குனிந்து பார்த்து, ஒன்றும் விளங்காமல் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை பகுதியார் வந்தபோதும் நாங்கள் முடிக்கவில்லை. உன் அண்ணன் எழுந்து, அப்போதுதான் திருத்திய ஒன்றைப் பெரியவரின் கையில் கொடுத்தார். "தங்கச்சியின்ர பாட்டு. கடைசிப் பக்கத்தில இருக்கு. கவனம், மை காயேல்லை" என்றார்.

சம்பந்தம் என்னவாகும் என்று இன்னும் தெரியாது. பெரியவர் அந்தப் பக்கத்தை வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

யாருக்குக் கை காட்டினாய் என்று நான் உன் அண்ணனிடம் கேட்கவில்லை. எனக்குள் கிடப்பது வேறு. ஊருக்கெல்லாம் உன் பாட்டை உன் பாட்டாகவே பாடிவிட்டு, அதைத் தாங்கமாட்டாத ஒருத்திக்காக மட்டும், ஞாயிற்றுக்கிழமை தோறும், அவளுடைய மொண்ணை வரியைச் சிரித்த முகத்தோடு பாடினாய். அந்த இரக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இப்போது பின்னேரங்களில், சாளரத்தைச் சாத்திவிட்டு, உன் வரியைப் பழகுகிறேன். மூன்றாவது வரி வந்ததும் என் நாக்கு இன்னும் அண்ணனிடம்தான் போகிறது. நிறுத்திவிட்டு, மறுபடி கப்பலிலிருந்து தொடங்குகிறேன்.